கிழங்கான் கட்சி

கொடுவாக் கட்சிக்காரர்களோடு எனக்குப் பகை கிடையாது. புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவிலேயே அந்தக் கட்சிக்குத்தான் ஆள்பலம். ஞாயிறு விடிவதற்குள் பைக்கில் ராடைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை, மரப்பாலம், முருங்கப்பாக்கம் என்று ஊரைக் கடந்து சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பின்னல் நரம்பு, உள்ளங்கை நீளத்துக்குப் பிளாஸ்டிக் மீன், கறுப்புக் கண்ணாடி எல்லாம் உண்டு. ஒரு கொடுவா ஏறிவிட்டால் அந்தப் படம் ஒரு வாரம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றும்.

சுற்றட்டும். கொடுவாவிடம் பெருமைப்பட விஷயம் இருக்கிறது. ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். ஆற்றிலும் காயலிலும் திரிந்துவிட்டு முட்டையிட உப்புத் தண்ணீருக்கு இறங்கும். செவுள் தட்டின் விளிம்பால் நரம்பை அறுத்துவிட்டுப் போகும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997இல் அதைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு எடுத்த பிறகு அது பண்ணைப் பிராணியாகவும் ஆகிவிட்டது. ஆராய்ச்சியும் அதற்கு, படமும் அதற்கு, விலையும் அதற்கு. நான் கிழங்கான் கட்சி. “என்னாண்ணே, ஒரு சாண் மீனுக்கு இவ்ளோ பேச்சா?” என்று எங்கள் தெருப் பையன்கள் கேட்கிறார்கள். ஒரு சாண் மீன்தான். ஆனால் தூண்டில்காரனின் விரலையும் விலங்கியல்காரனின் கத்தியையும் ஒருசேரச் சோதிக்கும் மீன் நம் கரையில் வேறு எதுவென்று அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் விரல். கிழங்கான் கடியை ராடு நுனியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் லேசாகத் தாங்கி, ஈயம் மணலில் உரசிக்கொண்டு வருவதை விரல் வழியே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கரைக்கும் முதல் மணல் திட்டுக்கும் நடுவே அலை அரித்த பள்ளம் ஒன்று இருக்கும். இரை விழ வேண்டியது அதில். திட்டைத் தாண்டி எறிகிறவன் பலத்தைக் காட்டுகிறான், அவ்வளவுதான். எட்டாம் நம்பரோ பத்தாம் நம்பரோ, நீளத் தண்டு முள், அதை மறைக்கும் அளவுக்குப் புழு, மெதுவாக இழு. ஈயம் கிளப்பும் மணல் புகையைத் தேடி அது பின்னாலேயே வரும். அப்போது இரண்டு தட்டு விழும். அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போல, நமக்கில்லை என்று விட்டுவிடத் தோன்றும் தட்டு. பிறகு ஒன்றுமே இருக்காது. பிறகு நரம்பு தொய்யும். இழுக்காமல் தொய்கிறதே என்று புதிதாக வந்தவன் ரீலைச் சுற்றத் தொடங்குவான். தொய்வுதான் கிழங்கான். இரையை வாயில் வாங்கிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும், தோள் அசையக் கூடாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரைத் தெருவில் எல்லாரும் சொல்தா மாமா என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் அவர் கடைசிவரை யாருக்கும் தராதது ஒரு கறுப்பு மிட்செல் 300 ரீல். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் க்ளூஸ் என்ற ஊரில், கைக்கடிகாரப் பாகங்கள் செய்து பழகிய கம்பெனிக்காரர்கள் செய்தது. அந்தப் பழக்கம் சக்கரத்தில் தெரியும். சுற்றும்போது வரும் சன்னமான டிக் டிக் சத்தத்தில் ஒரு பல்கூட முன்பின் தவறாது. இப்போது கடைகளில் அடுக்கியிருக்கும் ரீல்கள் வழவழவென்று சத்தமே இல்லாமல் சுற்றுகின்றன. பதினாறு பால்ரஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. இருக்கட்டும். உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்குகிறதா என்று கேட்டால் கடைக்காரர் பேச்சை மாற்றுகிறார்.

மாமாவுக்குப் பேச்சு குறைவு. “ஈயம் உருளணும்டா, குத்திக்கிட்டு நிக்கக் கூடாது” என்பார். உருண்டை ஈயம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். சைக்கிளில் முத்தியால்பேட்டை வழியாகப் போய் வைத்திக்குப்பத்தில் இறங்குவோம். போனவுடன் தூண்டில் போட விடமாட்டார். குப்பத்து ஆட்களிடம் வெள்ளம் எந்தப் பக்கம் என்று கேட்டுவரச் சொல்வார். வடக்கிலிருந்து தெற்கே போனால் வண்ணி, தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி. தெண்டி லேசாக ஓடி, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் காலைதான் அவருக்குப் பிடித்தது. வாடைக்காற்று மும்முரமாக இருந்தால் கரையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். வந்ததற்காகப் போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

இரைக்கும் அவரிடம் ஒரு வரிசை உண்டு. கழிமுகச் சேற்றில் தோண்டிய புழு முதலிடம். அது கிடைக்காத நாளில் அலை வாங்கும் மணலில் காலால் துழாவினால் அகப்படும் எலிப்பூச்சி, அதுவும் ஓடு மெத்தென்று இருக்கும் சின்னது. இறால் துண்டு கடைசி. எலிப்பூச்சியைக் காலமெல்லாம் முள்ளில் குத்திய எனக்கு, அதற்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருப்பது பின்னால்தான் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் எமெரிட்டா ஏசியாட்டிகா என்ற அந்தப் பூச்சியைச் சென்னைக் கடற்கரையிலிருந்து எடுத்து ஆராய்ந்து, அதுவும் ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறுகிறது என்று 1981இல் எழுதினார். கொடுவாக்காரர்கள் தங்கள் மீனின் பெருமைகளில் முதலாவதாகச் சொல்வது எங்கள் இரைக்கே உண்டு.

இனி கத்தி. நெட்டி, அதாவது மீனின் காற்றுப்பை, என்றால் கடற்கரையில் கத்தாழை நெட்டிதான், காசாகும் நெட்டி. கிழங்கான் நெட்டியை யாரும் விலை கேட்பதில்லை. குடலோடு பூனைக்குப் போகும். ஆனால் நான் பார்த்த மீன் உறுப்புகளிலேயே அழகானது எது என்றால் அதைத்தான் சொல்வேன். விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பித்து என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்களே பார்க்கலாம். கழிவுத் துளையிலிருந்து சின்னக் கத்தரியால் மேலேறி, இடப்பக்கச் சதைச் சுவரை மடித்துத் தூக்குங்கள். குடலை ஒதுக்குங்கள். முதுகெலும்பை ஒட்டி வெள்ளிச் சவ்வாக நெட்டி கிடக்கும். முன்பக்கம் அது இரண்டாகப் பிரிந்து, மண்டையோட்டின் அடியில், காதுக்கூட்டுக்கு மேலே போய் முடியும். பக்கவாட்டில் இரண்டு மெல்லிய குழல்கள் வயிற்றுச் சுவர் நெடுக வளைந்து வளைந்து ஓடும். வழியெல்லாம் அவற்றிலிருந்து முட்டுச்சந்துகளாகக் கிளைகள். பின்பக்கம் இரண்டு வால்கள் வயிற்றைத் தாண்டி வால் பகுதிக்குள் நுழைந்துவிடும். கத்தரிக்கு இனி வேலையில்லை. ஊசி நுனியால் சதையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். இரண்டு வால்களில் ஒன்று மற்றதைவிடப் பெரும்பாலும் நீளமாக இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள். நீர் ஊற்றிய மெழுகுத் தட்டில், சாய்ந்த வெளிச்சத்தில், அந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்கும்போது எனக்குக் கேள்வி வருவதில்லை.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கிழங்கான்கள் எல்லாம் ஒரே அச்சு: கூம்பு மூக்கு, மணல் நிற முதுகு, வெள்ளி வயிறு. யார் யார் என்று பிரிப்பதற்கு நெட்டியின் வடிவத்தைச் சாவியாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்து ரோலண்ட் மெக்கே. உலகக் கிழங்கான்கள் எல்லாவற்றையும் சேர்த்து அவர் எழுதிய கையேட்டை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1992இல் வெளியிட்டது. மீனுக்கு மீன் நெட்டிப் படம் போட்டிருக்கிறார். மற்றவர்கள் இரவில் நாவல் படிப்பார்கள், நான் அந்தப் படங்களைப் புரட்டுவேன்.

ஆனால் மெக்கேயைவிட எனக்கு நெருக்கமான கதை விசாகப்பட்டினத்து வால்டேரில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பேட்ரிக் ரஸல் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, கரைக்கு வந்த மீன்களை உள்ளூர் ஓவியரைக்கொண்டு வரையவைத்து, இருநூறு மீன்களின் படங்களை 1803இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். லத்தீன் பெயர் சூட்டும் அவசரம் இல்லாமல், வலைக்காரர்கள் சொன்ன தெலுங்குப் பெயரையே மீனுக்குப் போட்டார். கிழங்கான் அதில் சொரிங்க் என்று வருகிறது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு கழித்து, அதே ஊரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்தும் சுஜாதாவும் இந்தியக் கடலின் கிழங்கான் இனங்கள் ஏழு என்று 1980இல் வரிசைப்படுத்திவிட்டு, 1982இல் ஒரு புது இனத்தை விவரித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் சில்லாகோ சொரிங்கா. விசாகப்பட்டினத்து மீன்காரர்களின் சொல் லண்டன் போய், புத்தகமாகி, மறுபடி அதே மணலில் வந்து இறங்கியது. நம் ஊர்ச் சொல் ஒன்றுக்கு இந்தக் கொடுப்பினை வாய்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு லேசான பொறாமை உண்டு.

புதுச்சேரிக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. தாவரவியலாளர் லெஷெனோ தெ லா தூர் 1816இல் இங்கே வந்து சேர்ந்தார். செடி பார்க்க வந்தவர். ஆனால் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அவர் அனுப்பிய பெட்டிகளில் மீனும் நிறையப் போயிற்று. குவியேயும் வலான்சியேனும் 1828 முதல் 1849 வரை இருபத்திரண்டு தொகுதிகளாக எழுதிய மீன்களின் இயற்கை வரலாற்றில் “புதுச்சேரி, லெஷெனோ” என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் பக்கங்களை எண்ணிக்கொண்டு போனால் பொழுது போய்விடும். குவியே 1832இல் இறந்துபோனார். பாக்கித் தொகுதிகளை வலான்சியேன் தனியாக இழுத்துக் கரை சேர்த்தார். சில்லாகோ என்ற பேரினப் பெயரே குவியே வைத்ததுதான். கிழங்கானின் ருசியையும் அதன் இலேசான சதையையும் அவர் பாராட்டி எழுதியிருக்கிறார். இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சாதாரணக் கிழங்கானைப் ‘பெஷ் பிக்கூ’ என்றும், தட்டைத் தலையும் பொட்டுக் கண்ணும் முதுகில் ஒற்றை நீள முள்ளும் உள்ள இன்னொன்றைப் ‘பெஷ் மதாம்’ என்றும் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். அந்த மதாம் மீனுக்கு அவர் வைத்த பெயர் சில்லாகோ டொமினா. அவர் கையில் இருந்தது புதுச்சேரி மீன். ஆனால் ஹாமில்டன் கங்கை முகத்துவாரத்தில் பார்த்து 1822இல் எழுதிய பனிஜஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. டொமினா ஒத்த பெயர்ப் பட்டியலில் போய் ஒதுங்கியது. நியாயம்தான், விதி அப்படி. ஆனாலும் ஊர்ப் பாசம் விதியைப் பார்ப்பதில்லை.

சாதாரணக் கிழங்கானின் சிஹாமா என்ற பின்பெயரோ ஏமனிலிருந்து வந்தது. லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கோல், டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு அரேபியா போய், செங்கடல் கரையில் லுஹையா என்ற ஊரில் இந்த மீனைப் பார்த்து எழுதிவைத்தார். 1763இல் ஏமன் மலையூர் ஒன்றில் மலேரியாவில் இறந்துபோனார். கூடப் போனவர்களில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான நீபுர் அந்தக் குறிப்புகளை 1775இல் அச்சேற்றினார். ஃபோர்ஸ்கோல் மீனைச் சாராயத்தில் போடவில்லை. பாதித் தோலை உரித்து, செடியை அழுத்துவதுபோலவே காகிதத்தில் ஒட்டிவைத்தார். அந்த ஒட்டுகள் கோபன்ஹேகனில் இன்னும் இருக்கின்றன. தோல் மட்டும்தான். நெட்டி இல்லை.

இங்கேதான் சிக்கல். செங்கடல் கிழங்கானும் புதுச்சேரிக் கிழங்கானும் ஒன்றுதானா? மரபணுக்காரர்கள் வந்த பிறகு சிஹாமா என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மூட்டை அவிழ்ந்துகொண்டே போகிறது. சீனக் கரையில் 2011இல் சில்லாகோ சினிகா என்று ஒரு தனி இனம் வந்தது. சூயஸ் பக்கம் இருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்ததும் வேறு இனம் என்று பெயர் வாங்கிவிட்டது. வங்கதேசத்திலிருந்தும் புதுப் பெயர்கள் வந்துள்ளன. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கத்தியால் மட்டும் இது ஆகியிருக்காது. என் வருத்தம் வேறு. பையன்களும் பெண்களும் சந்தைக்கு வந்து துடுப்பில் ஒரு துண்டு நறுக்கிச் சின்னக் குப்பியில் போட்டுக்கொள்கிறார்கள். மீதி மீனைத் திருப்பிக் கூடையிலேயே போட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கோவை கணினியில் ஏறிவிடும். அது எந்த மீனுடையது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் காட்ட மீன் இருக்காது, நெட்டி இருக்காது, முள்ளின் எண்ணிக்கை இருக்காது. ஒரு கல்லூரியில் என் கண்முன்னே ஆய்வக அலமாரியைக் காலி செய்தார்கள். லேபிள் மங்கிய பாட்டில்கள் ஐம்பது அறுபது இருக்கும்; ஃபார்மலின் நாற்றம் என்று சொல்லி ஒரே மாலையில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி வைத்தார்கள். பழைய லேபிள்களில் “வீராம்பட்டினம்” என்றும் “காலாப்பட்டு” என்றும் சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதியிருந்தது. லேபிளையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ரிஜிஸ்டரில் இல்லாத பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது என்று பதில்.

மீனின் வயது பார்க்கிற ஆராய்ச்சியிலும் கிழங்கானுக்குத் தனி மரியாதை இருந்த காலம் உண்டு. நம் கடல்களில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, அதனால் மீன் செதிலிலும் தலைக்கல்லிலும் ஆண்டு வளையம் விழாது என்று பேச்சு இருந்தபோது, மண்டபம் என்ற ஊரில் என். ராதாகிருஷ்ணன் கிழங்கானின் தலைக்கல்லை வெளிச்சத்துக்குக் காட்டி வளையம் இருக்கிறது என்றார். 1957இல் இந்திய மீன்வள இதழில் அவர் எழுதிய கட்டுரை, கிழங்கான் என்ன தின்னும், எப்போது சினைப்படும், எப்படி வளரும் என்று முப்பது பக்கம் ஓடுகிறது. அதைப் படித்தால் தூண்டில்காரன் வயிறெரிவான். அவன் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடித்த புழு ரகசியம் ஒரு அட்டவணையில் கிடக்கிறது. ஜெயசங்கர் 1991இல் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கிழங்கான்களின் சினைப்பருவத்தை எழுதியபோதும் அதே நிதானம். இன்று அப்படி ஒரே மீனோடு உட்கார யாருக்கு நேரம்?

தூண்டில்காரனும் ஆராய்ச்சிக்கு உதவுவான் என்று சொன்னால் சிலர் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். மெட்ராஸ் ராஜதானியில் கலெக்டராக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி எழுதிய புத்தகத்தை வேட்டைப் புத்தகம் என்று ஒதுக்கலாம். ஆனால் காவிரியின் திமில் கெண்டையை வெளியுலகம் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். அந்த மீன் எந்த இனம் என்பதே 2018 வரை முடிவாகவில்லை. டோர் ரேமாதேவி என்று அப்போதுதான் உறுதியாயிற்று. காவிரியில் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் குறிப்பேடுகளை வைத்து, கெண்டை கூடுகிறதா குறைகிறதா, எந்த வகை எதைத் தள்ளிவிட்டு வருகிறது என்று பின்டரும் ராகவனும் பிரிட்டனும் 2015இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆற்றுக்கு அது முடிந்திருக்கிறது. நம் கடற்கரையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இறங்குதளங்களில் நின்று எண்ணுகிறார்கள். படகிலிருந்து கூடைக்கு வருவது கணக்கில் ஏறும். வைத்திக்குப்பத்து மணலிலிருந்து என் துணிப்பையில் தட்டாஞ்சாவடிக்குப் போவது யார் கணக்கு? ஆஸ்திரேலியாவில் 2000, 2001இல் வீடு வீடாகக் கேட்டு நாடு முழுவதுக்குமான தூண்டில் கணக்கே எடுத்துவிட்டார்கள். மிகுதியாகப் பிடிபட்டவற்றில் கிழங்கான் குடும்பமும் உண்டு.

கணக்கு எடுப்பதற்கு முன்னால் மணல் வேண்டும். கிழங்கான் மணல் மீன். வலை வருவது தெரிந்தால் மணலுக்குள்ளேயே புதைந்து, வலை தலைக்கு மேலே போனபின் எழுந்து போகும்; கரைவலை இழுப்பவர்களைக் கேளுங்கள், கால் விரலுக்கடியில் நெளியும் என்பார்கள். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. வீராம்பட்டினப் பக்கம் மணல் ஏறிற்று, ஊர்ப் பக்கம் கரைந்தது. கடற்கரைச் சாலை நெடுகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். மாமா கடைசிக் காலத்தில் அந்தக் கல் மேல் நின்று ஒருநாள் பார்த்துவிட்டு, “இங்க என்ன, கலவாய்க்குப் போடவா?” என்றார். பிறகு வரவில்லை. மிட்செல் ரீல் அவர் மகள் வீட்டுப் பரணுக்குப் போயிற்று என்று கேள்வி.

தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புத் தடுப்பை இறக்கியபின் அங்கே மணல் திரும்பிவிட்டது. மக்கள் கால் நனைக்க வந்தார்கள், பலூன்காரர் வந்தார், கிழங்கானும் வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சிதான். ஆனால் வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகளையே கடல் கேட்கிறது. பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் விழுந்தது. அந்தக் கம்பங்களுக்கடியில் காலா பிடித்தவர்கள் அதற்காக அழுதார்கள். காலா ரசிகர்கள் தனிக் கட்சி. அவர்களோடும் எனக்குச் சண்டையில்லை.

மணல் போனால் மீனோடு கலையும் போகும் என்பதற்கு டோக்கியோ விரிகுடா சாட்சி. அங்கே ஆவோகிஸு என்றொரு கிழங்கான் வகை இருந்தது. படகின் நிழல் பட்டாலே ஓடிவிடும். அதனால் ஆழமில்லாத தண்ணீரில் மரத்தாலான மடக்கு ஏணியை நட்டு, அதன் உச்சியில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். தொப்பி வைத்த ஆட்கள் கடலுக்கு நடுவே வரிசையாக ஏணி மேல் அமர்ந்திருக்கும் பழைய புகைப்படங்கள் உண்டு. போருக்குப் பிறகு கரையைத் தூர்த்துத் தொழிற்சாலை கட்டினார்கள். டோக்கியோ விரிகுடாவில் ஆவோகிஸுவும் இல்லை, ஏணியும் இல்லை. ஆனால் மற்ற கிஸு கிழங்கான்களுக்கு ஜப்பானியர் இன்னும் விரல் தடிமனில் ராடு செய்கிறார்கள். கிழங்கானுக்கென்றே ராடு! எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் கொடுவா ராடை எடுத்து நீட்டி, “சின்ன மீனும் வரும் சார்” என்கிறார்கள்.

ருசிக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது. அப்போதுதான் வஞ்சிரக்காரர்களும் கிழங்கான் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டுத் திட்டுகிறார்கள். வஞ்சிரம் கனமான துண்டு. மசாலா போதும், மீன் எப்படி இருந்தாலும் ஓடிவிடும். கிழங்கானுக்கு அது நடக்காது. பிரசவித்த பெண்ணுக்கும் காய்ச்சலில் எழுந்தவருக்கும் நம் வீடுகளில் இதைக் கொடுத்தது, சதையில் எண்ணெய் குறைவு, முள் எளிதாகப் பிரியும் என்பதால். மஞ்சள், மிளகு, உப்பு போதும். மிளகாய்த்தூளைச் சிவக்கச் சிவக்கப் பூசி நிறக்கலவையும் சேர்த்துக் கடற்கரைச் சாலையில் பொரிக்கிறார்களே, அந்தத் தட்டில் கிழங்கானுக்குப் பதில் அட்டையை வைத்தாலும் தெரியாது. குழம்பென்றால் புளி பாதி போடுங்கள், மாங்காய் கிடைத்தால் புளியே வேண்டாம். கடைசியில் போட்டு ஒரு கொதி. இரண்டாம் கொதிக்கு விட்டால் குவியே பாராட்டிய அந்த இலேசு போய்விடும்.

எங்கள் தெருக் கொடுவாக் கட்சியிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பாற்று முகத்தில் உங்கள் பிளாஸ்டிக் மீனைத் தாண்டி, எவனாவது இறால் போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில், தலை தட்டையாக, கண் பொட்டாக, முதுகுத் துடுப்பில் ஒற்றை முள் மட்டும் நீளமாக ஓடுகிற கிழங்கான் ஒன்று எப்போதாவது ஏறலாம். எனக்கு இங்கே ஏறியதில்லை. ஏறினால் அதோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். தேதி, இடம், வெள்ளம் வண்ணியா தெண்டியா என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். பிறகு வயிற்றைக் கீறாமல், அப்படியே ஐஸில் வைத்து, வாணலிக்குப் போகும் முன் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுவாருங்கள். மெழுகுத் தட்டு என்னிடம் இருக்கிறது. பெட்ரோல் காசும், கூடவே கொடுவாக் குழம்புக்கு ஆகிற செலவும் நான் தருகிறேன்.